பகிடி எடுபடாத அவை

1

இதை எழுதக் குந்தியபோது யன்னலுக்கு வெளியே சோலோதுர்ன் இல்லை. ஆறும் இல்லை, பாலமும் இல்லை, தேவாலயத்தின் பச்சைக் குவிமாடமும் இல்லை. கார்த்திகை பிறந்தால் இந்த ஊர் இப்படித்தான், மூடுபனிக்குள் போய்ப் போர்த்துக்கொண்டு படுத்துவிடும். மலைக்கு மேலே ஏறினால் நல்ல வெயில் என்று சொல்வார்கள். ஏறிப் பார்க்க முழங்கால் விடாது. இருக்கிறது என்று நம்பிக்கொண்டு கீழே வேலைக்குப் போய் வருகிறேன்.

வேலை, முதியோர் இல்லத்துச் சமையலறையில். மெல்ல முடியாதவர்களின் சாப்பாட்டுக்கு நான் பொறுப்பு. கரட்டை அவித்து, களியாக அரைத்து, திரும்பவும் கரட்டின் வடிவிலே அச்சில் ஊற்றி எடுக்க வேண்டும். ஊரிலிருந்து யாராவது போனில் "சுவிஸிலை என்ன உத்தியோகம்?" என்று கேட்டால் "சிற்பி" என்று சொல்லி வைத்திருக்கிறேன். கேட்கிறவர்கள் மரியாதையாக வாயை மூடிவிடுவார்கள்.

அப்படி ஒரு நாள் சிற்பம் செதுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், மகள் ஆரணி குசினி மேசையில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அவள் சட்டம் படிக்கிறாள். வீட்டில் எங்களோடு தமிழ், தொலைபேசியில் சுவிஸ் ஜெர்மன், புத்தகத்தில் ஆங்கிலம். எந்த மொழியில் கனவு காண்கிறாள் என்று கேட்டால், "கனவிலை ஆர் கதைக்கிறது, ஓடுறதுதான்" என்பாள்.

"அப்பா, வாற மாதம் ஒரு சனிக்கிழமை உங்களுக்கு லீவு எடுக்கேலுமோ?"

"ஏன் பிள்ளை, மாப்பிள்ளை பாக்கப் போறமோ?"

"இல்லை. போர்க்குற்ற வழக்குக்கு ஒரு சாட்சி தேவை."

தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தேன். பல்கலைக்கழகத்தில் ஒத்திகை வழக்காம். கற்பனை நாடு, கற்பனைப் போர், கற்பனைத் தளபதி. ஆனால் சாட்சி மட்டும் ஒருவருக்கும் விளங்காத மொழியில் பேச வேண்டும், அப்போதுதான் மொழிபெயர்ப்பாளரோடு வழக்கு நடத்துவது எப்படி என்று மாணவர்களுக்குத் தெரியும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராம். மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் பேசுகிற மொழி எல்லாருக்கும் விளங்கித் தொலைத்ததால் அந்தப் பதவி எனக்கு வந்தது. இந்த நாட்டில் என் தமிழுக்காக ஒருவர் என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை.

"என்ன வழக்கு?"

"ஆக்களைப் பிடிச்சுக்கொண்டு போய்க் காணாமல் ஆக்கினது."

என் மனைவி வதனி அடுப்படியில் நின்றாள். அகப்பை நின்றுவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு அண்ணை இருந்தார். ஆரணி சின்னதில் "பெரியப்பாவுக்கு என்ன நடந்தது?" என்று அடிக்கடி கேட்பாள். ஒருமுறை கப்பலில் கப்டன் ஆகிவிட்டார் என்றேன். இன்னொருமுறை, இன்னும் பஸ்ஸுக்குத்தான் நிற்கிறார், உங்கள் ஊர் மாதிரி எங்கள் பஸ் நேரத்துக்கு வராது என்றேன். சிரிப்பாள். பிறகு ஒரு வயதில் சிரிப்பதை விட்டாள், அதற்கடுத்த வயதில் கேட்பதையே விட்டுவிட்டாள். பனிக்காலம் முடிய அவள் ஹேக் நகரத்துக்குப் பயிற்சிக்குப் போகிறாள். ஒரு கதையைச் சொல்ல ஆள் வீட்டில் இருக்கும் காலம் முடிகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், வாயைத் திறந்தால் பகிடிதான் வரும். என்ன செய்ய, அச்சு அப்படி.

2

விசாரணை அவை என்றால் என்ன என்று ஆரணி சாப்பாட்டு மேசையில் விளங்கப்படுத்தினாள். நானும் உங்களுக்குச் சொல்கிறேன், பிழை இருந்தால் அவளுடையது.

அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றங்களில் அவைகள் பல உண்டு. வழக்கு நிற்குமா என்று பார்ப்பது ஒரு அவை. மேன்முறையீடு கேட்பது இன்னொன்று. நடுவில் இருப்பதுதான் விசாரணை அவை. மூன்று நீதிபதிகள். ஜூரி இல்லை. சாட்சியை முகத்துக்கு முகம் பார்த்துக் கேட்பது, எதைச் சான்றாக எடுப்பது எதை விடுவது என்று முடிவெடுப்பது, கடைசியில் குற்றவாளியா இல்லையா என்று சொல்வது, குற்றவாளி என்றால் தண்டனையும் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடும் தீர்மானிப்பது, எல்லாம் அந்த மூன்று பேரின் தலையில்.

"அப்ப, பாதிக்கப்பட்ட எங்கடை பக்கம் நிக்கிற ஆக்கள்" என்றேன்.

"இல்லை அப்பா. ஒரு பக்கமும் நிக்கேலாது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு நீதியான விசாரணை கிடைக்குதோ எண்டு பாக்கிறதும் அவையின்ர வேலைதான். அவருக்கு வழக்கறிஞர் வேணும், அவருக்கு விளங்கிற மொழியிலை எல்லாம் நடக்க வேணும். நியாயமான சந்தேகம் ஒண்டு மிஞ்சினால் அது அவருக்குத்தான் சேரும்."

"சந்தேகத்தையும் அவருக்குக் குடுக்கிறதோ?"

"ஓம்."

எனக்குப் பொறாமையாக இருந்தது. வழக்கறிஞர், மொழிபெயர்ப்பாளர், தண்ணீர்ப் போத்தல், அதற்குமேல் சந்தேகமும். நான் இந்த நாட்டுக்கு வந்து அகதி விசாரணையில் குந்தியிருந்தபோது தண்ணீர்ப் போத்தல் மட்டும்தான் கிடைத்தது. அங்கே இருந்த சந்தேகம் முழுக்க அலுவலருடையது.

அந்த விசாரணை பற்றி ஊரில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. அண்ணையைக் கொண்டுபோன கதையை முதல்முறை சொன்னபோது மூன்று ஆமிக்காரர் என்றேன். இரண்டாம்முறை நான்கு என்று வந்துவிட்டது. எண்ணிக்கொண்டா நின்றேன்? முடிவுக் கடிதத்தில், நம்பும்படியாக இல்லை என்று நல்ல ஜெர்மனில் எழுதியிருந்தார்கள். பிறகு, நெடுங்காலம் இங்கே ஒழுங்காக வேலை செய்து இருந்துவிட்டேன் என்ற வேறொரு கணக்கில் வதிவிட அனுமதி கிடைத்தது. அந்தக் கதையை அதன்பிறகு நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. நம்பும்படியாக இல்லாததைச் சொல்லி என்ன?

எங்கள் காலத்தில் வந்தவர்கள் எல்லாரும் படித்த பாடம் ஒன்றுதான். கதையைப் பாடமாக்கு. ஒரு சொல் மாறினால் பிளேன் ஏற்றிவிடுவார்கள். அகதி முகாமின் இரட்டைக் கட்டில்களில் பொடியள் தங்கள் கதைகளைத் தேவாரம் மாதிரிச் சொல்லிப் பார்ப்பார்கள். பக்கத்துக் கட்டில்காரனின் கதையில் பிழை விட்டால் நாங்கள் எடுத்துக் கொடுப்போம்.

ஆகவே கற்பனை நாட்டின் சாட்சிக்கு உரிய வாக்குமூலத்தை ஆரணி கொண்டுவந்து தந்ததும் நான் செய்த முதல் வேலை, அதை எழுத்துக்கு எழுத்து விழுங்கியது. நான் ஆற்றங்கரைப் படகோட்டி. ஊர்ப் பொடியளை லொறியில் ஏற்றும்போது தளபதி பக்கத்தில் நின்று கையால் உத்தரவு கொடுத்ததைக் கண்டவன். கரட்டை அச்சில் ஊற்றும்போதும் அதைத்தான் முணுமுணுத்தேன். ஒரு மூதாட்டி நான் செபம் சொல்கிறேன் என்று நினைத்து ஆமென் போட்டா.

"சரியாச் சொல்லுறனோ பார்" என்று ஆரணியிடம் கேட்டேன்.

காதைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, நான் மாற்று நீதிபதி. உங்களோடை இதைப் பற்றிக் கதைக்கவே கூடாது. சாட்சிக்குச் சொல்லிக் குடுக்கிறது பிழை."

"மாற்று நீதிபதி எண்டால்?"

"மூண்டு பேரிலை ஒராளுக்கு ஏலாமல் போனால் அந்த இடத்துக்கு வாறது. நீங்கள் பயப்பிடாதேங்கோ, எல்லாரும் சுகமாத்தான் இருக்கினம்."

3

அந்தச் சனிக்கிழமை தலைமை நீதிபதியாக இருக்க வேண்டிய பிள்ளைக்குக் காய்ச்சல்.

உண்மையான நீதிமன்றம் என்றால் தகப்பன் சாட்சிக் கூண்டில் இருக்கும் வழக்கில் மகள் ஆசனத்தில் ஏற முடியாது. ஆரணியே எழும்பி அதைச் சொன்னாள். பேராசிரியர் இரண்டு தரப்பையும் கேட்டார். "எங்களுக்கு ஆட்சேபனை இல்லை" என்றான் எதிர்த்தரப்பில் தளபதியின் வழக்கறிஞரான லூக்காஸ், காதுவரை சிவந்த, நல்ல மரியாதையான பொடியன். தனக்கு வரப்போகும் அதிர்ஷ்டம் அவனுக்கு அப்போது தெரியாது.

மண்டபத்தின் கண்ணாடிச் சுவர் முழுக்க மூடுபனி ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே மஞ்சள் விளக்கு. கறுப்பு அங்கி போட்ட பிள்ளைகள் சத்தமில்லாமல் மிதந்து திரிந்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட தளபதி தடிமன் பிடித்த மூக்கோடு ஒரு மூலையில் இருந்து கிப்பெலி என்கிற பிறை வடிவப் பணிசைத் தின்றுகொண்டிருந்தான். தண்ணீருக்குள் இருந்து எல்லாவற்றையும் பார்ப்பதுபோல எனக்கு இருந்தது. வதனி பார்வையாளர் வரிசையில் காஞ்சிபுரத்தோடு குந்தியிருந்தாள். வழக்குக்கு எதற்கு அந்தச் சேலை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அது வேறு வழக்கு.

சாட்சிகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை வந்து, மொழிபெயர்ப்பாளர் ஜெனிற்றா மூலம் கேட்டாள். ஜெனிற்றா இங்கேயே பாடன் என்ற ஊரில் பிறந்தவள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ் வாசிக்கிறவள். ஆகவே எந்தக் கேள்வியும் அவள் வாயால் வரும்போது வேதாகமம் மாதிரி இருக்கும்.

"ஐயா, உமக்குப் பாதுகாப்பு வேண்டுமோ? முகம் தெரியாதபடி திரை இடலாம். குரலையும் மாற்றலாம்."

"குரலைச் சினிமா நடிகர் மாதிரி மாத்தித் தரச் சொல்லுங்கோ பிள்ளை."

திரையைக் கொண்டுவந்தார்கள். மண்ணிற முரட்டுத் துணி. அதை என் பக்கத்தில் நிறுத்தியதும் நான் கதிரையைத் தள்ளிப் போட்டேன்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் வாசிக்கக் கூடும் என்பதற்காக எழுதுகிறேன். சுற்றிவளைப்பு என்றால் ஆமிக்காரர் வளைத்துப் பிடித்து எல்லாரையும் வரிசையில் நடக்க விடுவார்கள். முன்னால் ஒருவன் கதிரையில் இருப்பான். தலையில் சாக்கு. சாக்கில் இரண்டு ஓட்டை. நாங்கள் ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நின்று அந்த ஓட்டைகளைப் பார்க்க வேண்டும். சாக்கு ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஆடினால் லொறிக்கு. அவனைத் தலையாட்டி என்று சொல்வோம். எங்களுக்குத் தெரிந்த விசாரணை அவை அவ்வளவுதான். சாட்சியும் அவன், நீதிபதியும் அவன், தீர்ப்பும் ஒரு ஆட்டம்.

"இந்தத் துணியாலை என்னை ஆருக்குத் தெரியாது?" என்று கேட்டேன்.

"வெளியாருக்கு மட்டும் ஐயா. நீதிபதிகள் உம்மைக் காண்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவரும் காண்பார். தன்மேல் சாட்சி சொல்லுகிறவர் இன்னார் என்று அவர் அறிய வேண்டும். அது அவருடைய உரிமை."

"எடுத்துவிடுங்கோ" என்றேன். "என்ரை முகம் இவ்வளவு பேருக்கும் தெரியட்டும். செலவில்லாத விளம்பரம்."

ஜெனிற்றா அதை மொழிபெயர்த்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

4

பகிடிக்கு வேகம் வேண்டும். சொன்ன கையோடு விழ வேண்டும். அந்த அவையிலோ, கேள்வி ஆங்கிலத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற ஜெனிற்றாவிடம் போய், தமிழாகி, என் காதுக் கருவியில் இறங்கும்வரை எல்லாரும் பொறுமையாக இருப்பார்கள். என் பதில் திரும்பிப் போகும்வரையும் அப்படியே. நடுவில் மூடுபனி மாதிரி ஒரு அமைதி.

உண்மை சொல்வதாக உறுதி எடுத்தேன். குற்றம் சாட்டுகிற அரசதரப்பு வழக்கறிஞர் பிள்ளை தொழில் என்ன என்று கேட்டாள்.

"படகோட்டி. எனக்கு நீந்தத் தெரியாது, அதாலைதான் படகு."

சோலோதுர்ன் கலியாண வீடு என்றால் மேசை அதிர்ந்திருக்கும். இங்கே அமைதி. ஜெனிற்றாவின் உதடுகள் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் மீன் மாதிரி அசைந்தன. ஆசனத்தின் நடுவில் என் மகள், கறுப்பு அங்கி, முகத்தில் ஒரு சுருக்கமில்லை. பிறகு அவள் பேசினாள். என் காதில் வேதாகமம் இறங்கியது:

"சாட்சிக்கு நீந்தத் தெரியாது என்பதை அவை குறித்துக்கொள்கிறது."

இனிப் பகிடி விட்டுப் பிரயோசனமில்லை என்று விளங்கிவிட்டது. பாடமாக்கியதை எடுத்துவிட்டேன். ஆறு, விடியல், லொறி, தளபதியின் வலது கை. ஒரு சொல் தவறவில்லை. முகாமின் கட்டில்காரர்கள் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

லூக்காஸ் எழும்பினான். கதையை லொறி வந்த இடத்திலிருந்து மறுபடி சொல்ல முடியுமா என்றான். சொன்னேன். அதே சொல், அதே ஒழுங்கு, மூச்சு விட்ட இடமும் அதே இடம். அவன் கொஞ்சம் தயங்கி, "இதை மனப்பாடம் செய்தீர்களா?" என்று கேட்டான்.

"ஓம் தம்பி" என்றேன் பெருமையோடு. "நல்ல வடிவாய்ப் பாடமாக்கினனான்."

அரசதரப்புப் பிள்ளை நெற்றியில் கையை வைத்தாள். கண்டதைச் சொல்கிற மனிசன் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்வான் என்று லூக்காஸ் அவைக்கு விளக்கினான். மாறாமல் சொன்னால் அது அவன் கண்டதல்ல, யாரோ கொடுத்ததாம். ஒரு மேசையில் மாறியதற்காகத் தள்ளினார்கள், இன்னொரு மேசையில் மாறாததற்காகத் தள்ளுகிறார்கள். நான் எந்த மேசைக்குத்தான் பொருந்துவேன் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தலைமை நீதிபதி ஒலிவாங்கியை அழுத்தினாள். அவையும் சாட்சியிடம் கேள்வி கேட்கலாம் என்பது எனக்குத் தெரியாது.

"பாடமாக்கியதை விட்டுவிடும். நீர் எங்கே நின்றீர்? எதைக் கண்டீர், எதைக் காணவில்லை? தெரியாது என்பதும் இந்த அவைக்கு ஒரு பதில்தான்."

ஜெனிற்றாவின் தமிழ் பிறகுதான் என் காதுக்கு வந்தது. அதற்கு முன்பே, அந்த அமைதிக்குள், ஆரணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் ஒரு பகிடி வந்தது. இங்கே எடுபடாது என்று விட்டுவிட்டேன். இன்னொன்று வந்தது. அதுவும் அப்படியே கரைந்துபோனது. பிறகு ஒன்றும் வரவில்லை.

"எங்களைப் பஸ்ஸாலை இறக்கினவை" என்றேன்.

படகோட்டியின் கதையில் பஸ் இல்லை. லூக்காஸ் பாதி எழும்பினான், இது வாக்குமூலத்தில் இல்லை என்றான்.

"அவை அதைக் கவனத்தில் எடுக்கிறது. சாட்சி தொடரலாம்."

தொடர்ந்தேன். "நானும் அண்ணையும். அண்ணை எனக்கு முன்னாலை. வரிசை. முன்னுக்குக் கதிரையிலை ஒராள், தலையிலை சாக்கு. அண்ணை போய் நிண்டார். சாக்கு ஆடிச்சுது. ரெண்டு பக்கத்தாலையும் பிடிச்சுக்கொண்டு போச்சினம். மூண்டு பேரோ நாலு பேரோ தெரியாது. அவரின்ரை ஒரு செருப்பு கழண்டு எனக்கு முன்னாலை கிடந்தது. நான் அதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். எனக்கு ஆடேல்லை. வீட்டை வந்திட்டன்."

கண்ணாடிப் பெட்டியில் ஜெனிற்றா நிறுத்தி, தண்ணீர் குடித்து, பிறகு சொல்லி முடித்தாள். வதனி சேலைத் தலைப்பை வாயில் வைத்திருந்தாள்.

"உத்தரவு கொடுத்தவர் யார்?" என்றாள் ஆரணி. "இங்கே இருக்கும் குற்றம் சாட்டப்பட்டவரை அன்று கண்டீரா?"

தளபதி பொடியன் என்னைப் பார்த்தான். மூக்கு சிவந்து, பாவமாக இருந்தான். காகிதத்தின்படி நான் ஓம் சொல்ல வேண்டும். அரசதரப்பு முழுக்க என் ஓமுக்காகக் காத்திருந்தது. தலையைச் சும்மா ஒருதரம் ஆட்டினால் போதும்.

"இல்லை" என்றேன். "ஆர் எண்டு எனக்குத் தெரியாது. சாக்குக்குள்ளை இருந்தது ஆர் எண்டும் தெரியாது."

5

மூன்று பேரும் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே வந்து தளபதியோடு கோப்பி குடித்தேன். தான் வளர்ந்து வரிச் சட்டத்துக்குப் போகப் போவதாகச் சொன்னான். நல்லது என்றேன்.

திரும்ப அழைத்தபோது எல்லாரும் எழும்பி நின்றோம். ஆரணி வாசித்தாள். ஜெனிற்றா என் காதில் மெதுவாகச் சொன்னாள்:

"ஆட்கள் கொண்டுபோகப்பட்டார்கள் என்பது நிரூபணமாயிற்று. சாட்சி பாடமாக்கிச் சொன்னதை அவை ஏற்கவில்லை. பாடமின்றிச் சொன்னதை மூவரும் நம்புகிறோம். தெரியாததைத் தெரியாது என்று அவர் சொன்னதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவரே அதைச் செய்வித்தார் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது. ஆகையால் அவர் விடுதலை செய்யப்படுகிறார்."

தளபதி துள்ளினான். லூக்காஸ் வந்து என் கையைப் பிடித்து நன்றி என்றான். அரசதரப்புப் பிள்ளை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளின் வழக்கை அவளின் சாட்சியே தாட்டுப் புதைத்துவிட்டான். எனக்குக் கோபம் வர வேண்டுமே என்று உள்ளே தேடிப் பார்த்தேன். சாக்கை ஒருவன் தலையில் இருந்து கழற்றி மடித்து வைத்தது மாதிரி இருந்ததே தவிர, கோபம் இல்லை. ஒருவரைக் காட்டு என்று கேட்டும் நான் காட்டவில்லை. அப்படியும் என்னை நம்பினார்கள்.

6

திரும்பி வரும் ரயிலில் வதனி யன்னலோடு சாய்ந்து நித்திரை. வெளியே வெள்ளை. எந்த ஊர் போகிறது என்று தெரியவில்லை, ரயில் நிற்கிறதா ஓடுகிறதா என்பதும் சந்தேகம். ஆரணி அங்கியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு எனக்கு எதிரே இருந்தாள்.

"அப்பா, கோபமே?"

"ஏன் பிள்ளை, நீதிபதி அம்மாவோடை ஆர் கோபிக்கிறது?"

"பெரியப்பா எப்பிடி ஆள்?"

என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. எப்படி ஆள் என்று கேட்டாள். அப்படி ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. அதற்கு என்னிடம் பாடமாக்கிய பதிலும் இல்லை.

"பகிடிக்காரன்" என்றேன். "எங்கடை வீட்டிலை பகிடி விடுறது அவர்தான். நான் சிரிக்கிற ஆள். பிறகுதான் நான் விடத் தொடங்கினனான். நீ சின்னனிலை இருந்து சிரிச்சதிலை பாதி அவரின்ரை பகிடி."

அவள் கண்ணை எடுக்காமல் இருந்தாள்.

"அண்டைக்கும் விட்டவர். வரிசையிலை நிக்கேக்கை. அந்தச் சாக்கு சீனிச் சாக்கு. 'சீனி' எண்டு பெரிசா எழுதிக் கிடந்தது. நான் அவரின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். அவர் மெல்லத் திரும்பிச் சொல்லுறார்: டேய், அந்தாள் தலையாட்டினால் பயப்பிடாதை. உள்ளுக்கை எறும்பு கடிச்சிருக்கும்."

ஆரணியின் வாய் திறந்தபடி நின்றது.

"சாக்கு ஆடேக்கை நான் சிரிச்சுக்கொண்டு நிண்டனான் பிள்ளை. எறும்பு எண்டுதான் நினைச்சன்."

முதலில் அவளுக்கு ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்தேன். இல்லை, சிரிப்பு. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மூக்கால் வந்தது, பிறகு வாயால் வந்தது, பிறகு கண்ணாலும் வந்தது. முன் ஆசனத்தில் இருந்த சுவிஸ்காரர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். வதனி நித்திரையால் எழும்பி "என்னப்பா, என்ன?" என்றாள். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"சீனி" என்று ஆரணி கண்ணைத் துடைத்தாள். "சீனிச் சாக்கு."

"ஓம்."

"அவரின்ரை பகிடி இன்னொண்டு சொல்லுங்கோ" என்றாள்.

சொன்னேன்.